ஒரே முற்றம், மூன்று ரேட்டு

கேள்வி: ஐயா, வணக்கம். திருமங்கலத்துக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு முன்னால் 20 அடி அகலம், 15 அடி நீளத்துக்கு வெறும் மண்தரை. கரிசல் மண், மழை பெய்தால் கார் சக்கரம் இறங்கிவிடுகிறது. பக்கவாட்டில், வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே 3 அடி அகலம், 40 அடி நீளத்துக்கு ஒரு சந்து. இரண்டுக்கும் கான்கிரீட் போட மூன்று பேரிடம் கேட்டோம். சதுர அடிக்கு ஒருவர் 70 ரூபாய், இன்னொருவர் 115, மூன்றாமவர் 150 என்கிறார். மூவருமே “4 இஞ்சு கனம், கம்பி கட்டித் தருகிறோம்” என்றுதான் சொல்கிறார்கள். 70 ரூபாய்க்காரர், ஆடி மாசம் வேலையைக் கொடுத்தால் இன்னும் குறைப்பாராம். ஆனால் பாதிப் பணம் முன்னாலேயே வேண்டுமாம். மாமனார் அவரிடமே கொடுத்துவிடலாம் என்கிறார். எதிர்வீட்டில் போன வருஷம் போட்ட தரை ஆறு இடத்தில் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் கொடுப்பது, என்ன பேசி எழுதிக்கொள்வது?

— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: மூவரும் சொல்வது ஒரே வேலைக்கான மூன்று விலை அல்ல. மூன்று வேறு வேலைகளுக்கான விலை. அதனால் ரேட்டை ஒப்பிடுவதற்கு முன்னால், அந்த ஒரு சதுர அடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கணக்கு சின்னதுதான், மாமனாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள்.

முன்பக்கம் 20க்கு 15, அதாவது 300 சதுர அடி. 4 இஞ்சு என்பது அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 100 கன அடி கான்கிரீட், லாரிக்காரர் பாஷையில் சரியாக ஒரு யூனிட். கார் நிற்கும் தரைக்கு எம்20 தரம் வேண்டும். சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவை அது. இந்த 100 கன அடிக்கு 23 மூட்டை சிமெண்ட், 42 கன அடி எம்-சாண்ட், 84 கன அடி முக்கால் இஞ்சு ஜல்லி பிடிக்கும். 8 எம்.எம். கம்பியை 8 இஞ்சுக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் பின்னினால் சுமார் 945 அடி ஓடும், எடை 114 கிலோ. வெட்டு, கழிவு சேர்த்து 120 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு மூட்டை 400 ரூபாய், கம்பி கிலோ 65 ரூபாய் என்று போட்டால் சிமெண்டுக்கு 9,200, கம்பிக்கு 7,800. இந்த இரண்டுமே சேர்ந்து சதுர அடிக்கு 57 ரூபாய் ஆகிவிட்டது. (உங்கள் ஊர்க் கடையின் இன்றைய விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.) மீதி 13 ரூபாயில் எம்-சாண்ட், ஜல்லி, மில்லர் (கலவை இயந்திரம்) வாடகை, கொத்தனார், சித்தாள் கூலி, அவருடைய லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அப்படியானால் 70 ரூபாயில் ஏதோ ஒன்று குறையப் போகிறது. கனம் இரண்டரை இஞ்சாகலாம், கம்பி ஓர் அடிக்கு ஒன்றாகலாம், அல்லது 23 மூட்டை போக வேண்டிய இடத்தில் 14 மூட்டை போகலாம்.

அவர் பொய் சொல்கிறார் என்றும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பல மேஸ்திரிகளுக்கு ‘4 இஞ்சு’ என்பது ஓரத்தில் அடிக்கும் பலகையின் உயரம். நடுவில் மண் மேடாக இருந்தால் அங்கே எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான். உங்களுக்கு ‘4 இஞ்சு’ என்பது எந்த இடத்தில் குத்திப் பார்த்தாலும் 4 இஞ்சு. சண்டை கிளம்புவது இந்த இடத்தில்தான். அதை எழுத்தில் தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மண். உங்கள் விஷயத்தில் கான்கிரீட்டைவிட இதுதான் பெரிது. மேலூர்ப் பக்கம் செம்மண்ணில் ஒரு தரை போடுவதும், திருமங்கலம், கள்ளிக்குடி கரிசலில் போடுவதும் ஒன்றல்ல. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் உங்கள் முற்றத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்குமே, அதே அசைவுதான் தரைக்கு அடியிலும் நடக்கும். ஓரத்தில் மழைநீர் இறங்கி ஓரம் உப்பும், நடு அப்படியே நிற்கும். கோடையில் ஓரம் காய்ந்து இறங்கும். 4 இஞ்சுத் தரை இந்த இழுபறிக்குத் தாங்காது. எதிர்வீட்டு வெடிப்புகள் ஓரத்திலிருந்து கிளம்பி உள்ளே ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் பெரும்பாலும் குற்றம் சிமெண்டில் இல்லை, அடியில் இருக்கிறது.

ஆகவே மூவரிடமும் முதலில் கேட்க வேண்டியது: “அடியில் என்ன செய்வீர்கள்?” “மண்ணைச் சமப்படுத்தித் தண்ணி விட்டு மேலே போட்ருவோம்” என்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள். “ஒரு குழி தோண்டிப் பார்த்துச் சொல்றேன்” என்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். 150 சொன்னவர் கரிசலை வெட்டி எடுத்துக் கிராவல் அடிப்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், மூன்றில் அவர்தான் மலிவு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குறைந்தது ஒன்றரை அடி கரிசலை வெட்டி வெளியே ஏற்ற வேண்டும். வெட்டிய மண்ணைத் தோட்டத்துப் பக்கம் தள்ளலாம், திரும்ப அடியில் நிரப்பக் கூடாது. அந்த இடத்தில் கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இடிக்க வேண்டும். 300 சதுர அடிக்கு ஒன்றரை அடி என்றால் இறுகிய கணக்கில் 450 கன அடி. லாரியில் உதிரியாக வருவதால் ஐந்தரை முதல் ஆறு யூனிட் வாங்க வேண்டியிருக்கும். திமிசுக் கட்டையால் இவ்வளவு பரப்பை இடிப்பது ஆளைக் கொல்லும் வேலை, மத்தியானத்துக்கு மேல் சும்மா தட்டுவார்கள். வாடகைக்குக் கிடைக்கும் இடிக்கும் இயந்திரம் ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒன்றரை அடியையும் ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் இடித்தால், இறுகுவது மேல் அரையடி மட்டுமே. மூன்று அடுக்கு என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நின்று பாருங்கள். இடித்த அடுக்கில் ஒரு கம்பியைக் கையால் குத்தினால் எளிதில் இறங்கக் கூடாது.

கிராவலுக்கு மேல் ஒன்றரை இஞ்சு ஜல்லியில் 3 இஞ்சு பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போடலாமா என்று கேட்பார்கள். போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் கிராவல் நன்றாக இறுகியிருந்தால் கார் நிற்கும் தரைக்கு அது அவசியமில்லை, அந்தப் பணத்தைக் கிராவலில் போடுங்கள். குழி தோண்டிப் பார்க்கும்போது கரிசல் நாலைந்து அடிக்கும் கீழே போகிறது என்றால் இன்னொரு வழியையும் யோசிக்கலாம். இதே கிராவல் அடித்தளத்தின் மேல் 60 எம்.எம். பேவர் பிளாக் பதிப்பது. மண் அசைந்தால் பேவர் அங்கங்கே அமுங்கும், ஆனால் வெடிக்காது. கல்லைப் பெயர்த்து, அடியில் மணலைச் சரிசெய்து திரும்ப வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் தரையில் அந்த வசதி இல்லை.

கான்கிரீட்தான் என்றால், கம்பியைப் பற்றி ஒரு விஷயம். கம்பி வெடிப்பைத் தடுக்காது. வெடித்த பிறகு இரண்டு பக்கமும் விலகாமல், ஏறி இறங்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கும் அது தரையின் கனத்துக்கு நடுவில், கொஞ்சம் மேலே தள்ளி இருக்க வேண்டும். நடப்பது என்னவென்றால், கம்பியைப் பின்னி மண்ணின் மேலேயே விரித்துவிட்டு, “கான்கிரீட் போடும்போது கொக்கியால தூக்கி விட்ருவோம்” என்பார்கள். தூக்குவார்கள், அடுத்த நிமிஷம் சட்டி சுமக்கிற ஆள் அதையே மிதித்துக்கொண்டு போவார். கம்பியைத் தூக்கி நிறுத்தும் 2 இஞ்சு கவர் பிளாக் கட்டையை மூன்றடிக்கு ஒன்று வைத்துக் கட்டிய பிறகுதான் மில்லர் ஓட வேண்டும்.

வெடிப்பை நாம் சொல்கிற இடத்தில் வர வைப்பதற்கு வெட்டுக்கோடுதான் வழி. கான்கிரீட் எப்படியும் சுருங்கும். நாம் கோடு போடாவிட்டால் அதுவே கோணலாகப் போட்டுக்கொள்ளும். 4 இஞ்சுத் தரையில் 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு தேவை. உங்கள் முற்றத்தை 10 அடிக்கு ஏழரை அடியாக நாலு கட்டம் பிரித்தால் கச்சிதம். கட்டர் இயந்திரத்தால் ஓர் இஞ்சு ஆழம் வெட்ட வேண்டும், அதாவது கனத்தில் கால்பங்கு. நம் வெயிலில் இதற்குக் காத்திருக்கக் கூடாது. காலையில் போட்ட தரையை, விளிம்பு பொரியாத பக்குவம் வந்தவுடன் அன்றிரவோ, மறுநாள் விடியற்காலையிலோ வெட்டிவிட வேண்டும். “நாலு நாள் கழிச்சுக் கட்டர் கொண்டு வர்றேன்” என்றால் அதற்குள் வெடிப்பு தன் வழியைப் பார்த்திருக்கும். கட்டர் இல்லாதவர் என்றால், பலகை வைத்து ஒன்றுவிட்டு ஒரு கட்டமாக இரண்டு நாளில் போடச் சொல்லுங்கள். கோடு விழும் இடத்தில் கம்பியை ஒன்றுவிட்டு ஒன்று நிறுத்திவிட வேண்டும். எல்லாக் கம்பியும் தொடர்ந்து ஓடினால் கோட்டுக்கு வேலை இருக்காது.

வீட்டுச் சுவர், தூண், படி, காம்பவுண்டு எதையும் தரை நேரடியாகத் தொடக் கூடாது. அரை இஞ்சு தெர்மாகோலைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போட்டால் போதும். பிறகு மேல் அரை இஞ்சைச் சுரண்டி எடுத்து சீலண்ட் அடைத்துக்கொள்ளலாம். கரிசலில் தரை ஏறி இறங்கும்போது சுவரையும் சேர்த்து இழுக்காமல் இருக்க இதுதான் காப்பு. கேட் பக்கத்து ஓரத்தை மட்டும் 9 இஞ்சு அகலத்துக்கு 9 இஞ்சு கனமாக இறக்கச் சொல்லுங்கள். 20 அடிக்கு ஒன்றரை மூட்டை சிமெண்ட் கூடும். மழைநீர் ஓரமாக அடியில் நுழைவதை அது குறைக்கும், காரின் முன் சக்கரம் ஏறும் இடமும் நொறுங்காது.

கழிவுநீர்த் தொட்டி லாரியோ தண்ணீர் லாரியோ உள்ளே வர வேண்டிய வீடு என்றால் 4 இஞ்சு போதாது, 6 இஞ்சு என்று முதலிலேயே பேசுங்கள்.

வாட்டம். வீட்டிலிருந்து கேட் நோக்கி அடிக்குக் கால் இஞ்சு. 15 அடிக்கு மூன்றேமுக்கால் இஞ்சு இறக்கம் வரும். இதை வாயால் பேசாமல், வேலைக்கு முன்னால் ரசக்குழாய் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்துச் சுவரிலும் கேட் தூணிலும் சாக்பீஸால் கோடு போட வைத்து, அந்தக் கோட்டில் கேட் திறக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். தரை உயர்ந்து கேட் இடிப்பது, பிறகு கேட்டை அறுப்பது, இது சர்வ சாதாரணம். தரையின் மேல்மட்டம் வீட்டின் உள்தரையைவிட அரையடியாவது கீழே இருக்கட்டும். இறங்கி வரும் தண்ணீரைத் தெருவுக்கு விடாதீர்கள். கேட்டுக்கு உள்ளேயே கம்பி மூடி போட்ட சிறு வாறுகால் எடுத்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாட்டில் 2003லிருந்தே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். முற்றம் முழுக்க மூடிவிட்டால் தொட்டிக்கு வேலை இன்னும் கூடும். அந்தத் தொட்டி தரையிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். அடிமண்ணுக்குள் நீர் கசிந்தால் கரிசல் பழையபடி வேலையைக் காட்டும். சரிவுப்பாதையும் உங்கள் நிலத்துக்குள்ளேயே முடியட்டும். தெரு வாறுகால் மேல் கட்டியது என்றைக்காவது ஒருநாள் ஜேசிபிக்குத்தான் போகும்.

பக்கச் சந்துக்குக் கம்பி வேண்டாம். அரையடி கிராவல் அடித்து, 3 இஞ்சு கனத்தில் 1:2:4 கலவை போதும். 120 சதுர அடிக்கு ஐந்தரை மூட்டை சிமெண்ட், 13 கன அடி எம்-சாண்ட், 26 கன அடி ஜல்லி. 5 அடிக்கு ஒரு வெட்டுக்கோடு. வாட்டம் வீட்டுச் சுவருக்கு எதிர்த்திசையில், காம்பவுண்டு பக்கமாக ஓர் இஞ்சு இறங்கி, அங்கிருந்து முன்பக்கம் ஓட வேண்டும். அஸ்திவாரத்தோரம் கரிசல் நனையாமல் காக்கப் போவது இந்தச் சந்துதான், அதனால் இதை ‘மிச்சக் கலவையில் இழுத்துவிடுகிற’ இடமாக விடாதீர்கள். கழிவுநீர்ச் சேம்பர் மூடிகளைத் தரைமட்டத்துக்கு உயர்த்திவிட்டுத்தான் கான்கிரீட். அடியில் போகும் குழாய்களில் ஒருநாள் தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிற்பாடு தேவைப்படும் என்று தோன்றினால் ஒரு காலி 3 இஞ்சு பி.வி.சி. குழாயைக் குறுக்கே புதைத்து வையுங்கள். போர்வெல் இருந்தால் அதன் கேசிங் குழாயைக் கான்கிரீட்டோடு சேர்த்து இறுக்காமல், சுற்றி இரண்டடி சதுரம் விட்டு, தரைக்கு மேல் ஓர் அடி நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைத் தூக்க வருகிற ஆளுக்கு நிற்க இடம் வேண்டுமே.

சரி, ஆள். ஒப்பந்தக்காரரின் புத்தம் புதிய வேலையைப் பார்க்கப் போகாதீர்கள், புதுத் தரை எல்லாமே அழகுதான். இரண்டு ஐப்பசி மழை பார்த்த தரை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் கரிசல் பக்கத்தில். போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது. காலால் தேய்த்தால் சிமெண்ட் தூள் எழுகிறதா? மேல்பரப்பு அப்பளம் மாதிரிப் பெயர்ந்திருக்கிறதா? அந்த வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: “பணம் வாங்கினதுக்கு அப்புறம் கூப்பிட்டா வந்தாரா?”

பணத்துக்கு வருவோம். பாதி முன்பணம் கொடுக்க வேண்டாம். இந்த அளவு வேலைக்குச் சிமெண்டையும் கம்பியையும் நீங்களே கடையில் வாங்கி இறக்குவது நல்லது. ஏமாற்ற நினைப்பவருக்கு லாபம் கிடைப்பதே இந்த இரண்டில்தான். அது உங்கள் கையில் இருந்தால் அவருக்கும் சந்தேகப் பார்வை மிச்சம். கிராவல், மணல், ஜல்லி, மில்லர், கூலி அவர் பொறுப்பு. மூட்டையில் அச்சிட்ட தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள். ஜல்லி, மணல் லாரி வந்தால் பெட்டியின் உள்நீளம், அகலம், சரக்கின் உயரம் அளந்து பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள், யூனிட் கணக்கு வந்துவிடும். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூள் இறங்கினால் திருப்பி அனுப்புங்கள். கையில் அள்ளித் தண்ணீரில் கலக்கினால் தூள் பால் மாதிரிக் கலங்கி நிற்கும்.

மீதிக் கூலித் தொகையை இப்படிப் பிரிக்கலாம். வேலை தொடங்கும் அன்று 10 சதவீதம், மூன்றாம் அடுக்குக் கிராவல் இடித்து முடித்ததும் 30, கான்கிரீட் போட்ட அன்று மாலை 45, மிச்சம் 15 சதவீதம் 28 நாள் கழித்து. எல்லாமே வங்கி வழியாகவோ, கைப்பேசி வழியாகவோ போகட்டும். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பின்னால் தகராறு வந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்ல நேர்ந்தாலும், முதலில் கேட்பது எழுத்தும் ரசீதும்தான்.

எழுத்து என்றால் வக்கீல் பத்திரம் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள் போதும். இந்த மாதிரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்:

“முன்முற்றம் 300 சதுர அடி. ஒன்றரை அடி கரிசல் வெட்டி அப்புறப்படுத்தி, கிராவல் மூன்று அடுக்காக இயந்திரத்தால் இடித்து, அதன்மேல் எந்த இடத்திலும் 4 இஞ்சுக்குக் குறையாத கனத்தில் 1:1½:3 கான்கிரீட் போட்டுத் தருவது. கேட் ஓரம் 9 இஞ்சு கனம். 8 எம்.எம். கம்பி 8 இஞ்சு இடைவெளியில் இருபுறமும், 2 இஞ்சு கவர் பிளாக் மேல். சுவரோரம் அரை இஞ்சு தெர்மாகோல். நாலு கட்டமாக ஓர் இஞ்சு ஆழ வெட்டு, 24 மணி நேரத்துக்குள். வாட்டம் அடிக்குக் கால் இஞ்சு. கனம் குறைந்தால் குறைந்த அளவுக்குப் பணம் குறையும். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து ஒரு ரூபாய் நாணயம் முழுகும் அளவுக்கு எங்கும் நிற்கக் கூடாது. ஓர் ஆண்டுக்குள் வெட்டுக்கோட்டுக்கு வெளியே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு வெடிப்பு வந்தால் சொந்தச் செலவில் சரிசெய்து தருவது. மண், கட்டட இடிபாடு அகற்றுவது ஒப்பந்தக்காரர் பொறுப்பு. தண்ணீர், மின்சாரம், நீராற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு.”

சந்துக்கும் இதேபோல் தனிப் பத்தி. நூல் மாதிரி மயிரிழைக் கோடுகள் வந்தால் அதற்கெல்லாம் சண்டைக்குப் போகாதீர்கள், அவை எந்தக் கான்கிரீட்டிலும் வரும்.

கான்கிரீட் போடும் நாளில் நீங்கள் நிற்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது, மில்லர் ஓடுவதற்கு முன். இருபக்கப் பலகைக்கும் குறுக்கே நூலைக் கட்டி, நூலிலிருந்து கிராவல் வரை டேப்பால் அளங்கள். ஓரத்தில் மட்டும் அல்ல, நடுவில், மூலையில் என்று ஒன்பது பத்து இடத்தில். எங்காவது மூன்றரை வந்தால் அந்த மேட்டைச் செதுக்கிய பிறகுதான் கலவை. இந்த ஐந்து நிமிஷ வேலையைச் செய்யும் வீட்டுக்காரரிடம் யாரும் கனத்தில் விளையாட மாட்டார்கள்.

இரண்டாவது, மில்லரின் வாயருகே. ஓர் அடிக்கு ஓர் அடி, 15 இஞ்சு உயரம் என்று ஒரு பெட்டி அடித்தால் அதன் கொள்ளளவும் ஒரு மூட்டை சிமெண்டும் ஒன்றுதான். ஒரு மூட்டைக்கு அந்தப் பெட்டியில் ஒன்றரை எம்-சாண்ட், மூன்று ஜல்லி. சட்டிக் கணக்கில் போட்டால் காலையில் தலைதட்டிய சட்டி, மத்தியானம் குவித்த சட்டியாகிவிடும். மணல் ஈரமாக இருந்தால் உப்பி நிற்கும். அப்போது பெட்டி அளவைக் கால்வாசி வரை கூட்ட வேண்டும். தண்ணீர்தான் எல்லாவற்றிலும் முக்கியம்: இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 எம்20 கலவைக்கு மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்கிறது. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஒன்றரை வாளி. கலவை கஞ்சி மாதிரி ஓடினால் பரப்புவது சுலபம் என்பதால் ஆட்கள் இன்னும் ஒரு வாளி கேட்பார்கள். அந்த ஒரு வாளிதான் பின்னால் தூளாக எழுவதும், வெடிப்பாகத் தெரிவதும். கலவை பிடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், வைப்ரேட்டர் பட்டால்தான் இளக வேண்டும். தண்ணீர் உப்பு போர்வெல்லாக இருந்தால் கம்பி உள்ள தரைக்கு அதைத் தொடாதீர்கள். குடிநீர் லாரி ஒன்று சொல்லிவிடுங்கள், கம்பி துருப்பிடித்துத் தரையை உள்ளிருந்து பிளப்பதைவிட மலிவு.

மட்டப்பலகை இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்க்கும்போது மேலே நீர் துளிர்க்கும். அப்போது காய்ந்த சிமெண்டைத் தூவி மெழுகுவது நம் பக்கத்துப் பழக்கம். பார்க்க வழவழவென்று இருக்கும். ஆறு மாதத்தில் அந்த மேல்தோல் பெயர்ந்து வரும். துளிர்த்த நீர் தானாக வற்றும் வரை பொறுத்திருந்து, பிறகு கட்டையால் தேய்த்து, கடைசியில் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்துவிடச் சொல்லுங்கள். மழையில் வழுக்காது, டயருக்கும் பிடிப்பு கிடைக்கும்.

ரெடிமிக்ஸ் வாங்கலாமா என்று யாராவது சொல்வார்கள். தரம் சீராக இருக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் தேவை மூன்று கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல், லாரி கொள்வதில் பாதி. சின்ன அளவுக்குக் கூடுதல் கட்டணம் போடுவார்கள், தெருவுக்குள் அந்த வண்டி திரும்புமா என்பது வேறு. மில்லர் போதும், அரைநாள் வேலை.

நீராற்றுவதை நீங்கள் பொறுப்பேற்றால்தான் நடக்கும். ஆனால் மாடித்தளத்துக்குப் பாத்தி கட்டுவது போல இங்கே தண்ணீர் நிறுத்த முடியாது, வாட்டம் இருக்கிறது. பழைய சாக்குகளை நனைத்து விரித்து, மேலே பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். காலை, மாலை சாக்கு ஈரம் பாருங்கள். இன்று கடையில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்டுக்கு வெயில் காலத்தில் 14 நாள். மறுநாள் நடக்கலாம், ஒரு வாரத்தில் டூவீலர் ஏற்றலாம், காரை 14 நாள் வரை தெருவிலேயே விடுங்கள்.

கடைசியாக அந்த ஆடிச் சலுகை. ஆடியில் புதுவீட்டு வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் மேஸ்திரிகள் கை காலியாக இருக்கும், ரேட்டு குறைவது நிஜம். ஆனால் அந்த மாதம் நம் பக்கம் அடிக்கும் காற்று ஈரக் கான்கிரீட்டுக்கு எமன். உள்ளே இறுகுவதற்கு முன்பே மேல்தோல் காய்ந்து, போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வெடிப்பு விழுந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் எந்த மாதம் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். சித்திரை, வைகாசியும் வெயிலால் சரிப்படாது, அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஆளும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை.

எனவே வேலையை இரண்டாக உடையுங்கள். ஆடியில் கரிசலை வெட்டிக் கிராவல் இடிக்கும் வேலையை மட்டும், ஆடி ரேட்டிலேயே, தனி ஒப்பந்தமாகக் கொடுங்கள். 70 ரூபாய்க்காரரிடமே கொடுத்தாலும் சரி, மூன்று அடுக்கையும் நின்று பார்க்கும் வரை மோசம் போக வழியில்லை. மாமனாருக்கும் மனம் குளிரும். அதன்மேல் காரை விட்டு ஓட்டுங்கள், இந்த மழைக்குச் சக்கரம் இறங்காது. ஐப்பசி மழையில் எங்கே அமுங்குகிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் கொட்டி இடித்துக்கொள்ளுங்கள். தையில் மழையும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. அப்போது கான்கிரீட் போடலாம். அதற்குள் முதல் ஆள் எப்படி வேலை செய்கிறார், கூப்பிட்டால் வருகிறாரா என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.